பின்னால் யாரும் இல்லை

அன்று காலை ஆஸ்பத்திரியின் சாய்தளத்துக்கு முன்னால் வண்டியைத் திருப்பி, டிரைவரம்மா ரிவர்ஸ் கியரைப் போட்டதும் வேன் அலறியது.

வழக்கமாக அது அலறுகிற வண்டி அல்ல. பின்பக்க பம்பரில் சட்டைப் பொத்தான்களைப் போல நான்கு சென்சார்கள் பதித்திருந்தார்கள். பின்னால் சுவரோ ஆளோ இருந்தால் அவை உணர்ந்து, முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு 'பீப்... பீப்...' என்று பணிவாகச் சொல்லும். நெருங்க நெருங்கக் கொஞ்சம் அவசரப்படும். மிகவும் நெருங்கிவிட்டால் 'பீ...' என்று ஒரே மூச்சாக இழுத்து, பிரேக்கையும் தானே பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரே மூச்சுதான். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

டிரைவரம்மா இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். சுவர் இல்லை, ஆள் இல்லை, நாய் இல்லை. காற்றில் பறந்து வந்த ஒரு காகிதம்கூட இல்லை. சாய்தளத்தின் உச்சியில், அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவருடைய தங்கச்சி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அவள் சென்சாருக்கு எட்டாத தூரம்.

"என்னக்கா, வராம அங்கயே நிக்கிறே?"

"பின்னாடி ஏதோ இருக்குன்னு சொல்லுதுடி."

"என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

வேனுக்குள் சக்கர நாற்காலியில் இருந்த கணக்கு சார் தொண்டையைச் செருமினார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகும் அவருடைய நாக்கு மட்டும் முழு நேரமும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"டிரைவரம்மா, இல்லாத ஒண்ணைப் பார்த்துப் பயந்து கத்துற மெஷினை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். மனுஷங்கள்ல பார்த்திருக்கேன். எங்க ஹெட்மாஸ்டர் அப்படித்தான்."

சிரிக்கிற நிலைமையில் டிரைவரம்மா இல்லை. அது டயாலிசிஸ் நோயாளிகளை வீடுவீடாகப் போய் ஏற்றிவரும் வேன். சக்கர நாற்காலியை இறக்கும் லிஃப்ட் பின்பக்கம் இருந்தது. வண்டி பின்னோக்கிப் போய்ச் சாய்தளத்தோடு ஒட்டி நின்றால்தான் நாற்காலிகள் உருண்டு நேராக உள்ளே போகும். இல்லாவிட்டால் தெருவில் இறக்கி, பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கற்கள்மேல் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொருவருக்கும் மெஷினில் இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கியிருந்தார்கள். தாமதமாகப் போனால் அந்தத் தாமதம் அவரவர் ரத்தத்திலேயே அழுக்காகத் தங்கிவிடும்.

தானியங்கி பிரேக்கை அணைக்க ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டுதான். ஆனால் ஓட்டுநர்கள் அதைத் தொட்டுவிடுவார்களோ என்று ஊர்தி நல வாரியம் அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தியிருந்தது. முத்திரை உடைந்தால் வேலை போய்விடும்.

அன்று எல்லாரையும் தெருவில்தான் இறக்கினார்கள். அக்காவும் தங்கச்சியுமாக ஆளுக்கொரு நாற்காலியைத் தள்ளி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

வண்டிகளைப் பார்த்துக்கொள்ளவே ஏற்பட்டது ஊர்தி நல வாரியம். அதன் அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். அங்கே வண்டி நிறுத்த மட்டும் இடம் இல்லை. டிரைவரம்மா வேனைத் தொலைவில் விட்டுவிட்டு நடந்து போய்ப் புகார்ப் பிரிவில் நின்றார். அங்கிருந்த எழுத்தர் கம்ப்யூட்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தடை என்ன வகை?"

"தடையே இல்ல சார்."

"தடை இல்லேன்னா வண்டி ஏன் நின்னுது?"

"தடை இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நின்னுது சார்."

"அப்போ தடை இருக்கு. வகையைச் சொல்லுங்க. சுவர்னா கட்டடப் பிரிவுக்குப் போகும், அவங்க வர ஆறு மாசம் ஆகும். ஆள்னா போலீஸுக்குப் போகும், நீங்க ஆளைக் காட்டணும். விலங்குன்னா நாளைக்கே வந்துருவாங்க."

டிரைவரம்மாவுக்கு அவசரம். "அப்போ விலங்குன்னே போடுங்க சார்."

சொன்னபடியே மறுநாள் வந்துவிட்டார்கள். வலையோடு ஒருவர், கூண்டோடு ஒருவர், அவர்களை மேற்பார்வை செய்ய ஒருவர். மூன்று பேரும் வேனைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடந்தார்கள். மேற்பார்வையாளர் டிரைவரம்மாவின் காதருகில் வந்து, "எந்தப் பக்கமா ஓடுச்சு?" என்று கிசுகிசுத்தார்.

"ஓடல சார். வரவேயில்ல."

"அப்படித்தான் இருக்கும். பழகின விலங்கு."

வேனுக்கு அடியில் பிஸ்கட்டை வைத்துவிட்டுச் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். பிஸ்கட்டை எறும்பு தின்றது. 'விலங்கு உள்ளது, ஆனால் மிகுந்த தந்திரசாலி' என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். எறும்பு அவர்கள் பிரிவின்கீழ் வராது.

அதன்பிறகுதான் உண்மையான பொறியாளர் வந்தார். அவர் வந்த விதமே டிரைவரம்மாவுக்கு நம்பிக்கை தந்தது. கையில் கோப்பு இல்லை, கருவிப் பெட்டி இருந்தது. ரிவர்ஸ் கியரில் போடச் சொல்லிவிட்டு, பம்பருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு சென்சாரிலும் காதை வைத்துக் கேட்டார்.

"வேலை செய்ற சென்சார் கடிகாரம் மாதிரி டிக் டிக்னு அடிக்கும்மா. இது அடிக்குது. இது அடிக்குது. இதுவும் அடிக்குது. இந்தக் கோடியில இருக்கிறவன் மட்டும் விட்டு விட்டு அடிக்கிறான்."

அந்தக் கோடிச் சென்சாரைக் கழற்றி, பக்கத்திலிருந்ததோடு இடம் மாற்றிப் போட்டார். மாற்றிய பிறகும் அதே கோடிதான் விட்டு விட்டு அடித்தது. பொறியாளர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? ஆளை மாத்தினாலும் கோளாறு மாறல. அப்போ சென்சார் நல்லவன். வழியில ஒயர்தான் கெட்டிருக்கு." மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் ஏறி ஏறி விழுந்தது. வாயில் ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி, தரையில் துண்டை விரித்துப் படுத்து, பம்பரைத் தளர்த்தி உள்ளே டார்ச் அடித்தார்.

"கிடைச்சிடுச்சு! ஒரு போல்ட்டு நேரா ஒயர்க் கட்டு மேலயே இறங்கியிருக்கு. ஒயர் நசுங்கி, செம்பு பச்சை பிடிச்சுப்போச்சு. யாரும்மா அது? எந்த மடையன் இந்த இடத்துல ஓட்டை போட்டான்?"

"வாரியத்து இயக்குநர் ஐயாதான் சார்," என்றார் டிரைவரம்மா. "போட்டோ எடுக்கிறாங்கன்னு டிரில்லை அவரே வாங்கிப் போட்டார்."

பாட்டு நின்றது. பிறகு பொறியாளர் மெல்ல நகர்ந்து வெளியே வந்து, போல்ட்டின் மறுபக்கத்தைப் பார்த்தார். மறுபக்கத்தில் ஒரு தகடு இருந்தது.

பாதுகாப்பு வாரம் என்று வாரியம் கொண்டாடியபோது பொருத்திய தகடு அது. நல்ல கனமான எஃகு. மேலே 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று சின்ன எழுத்தில் இருந்தது. கீழே இயக்குநரின் பெயர், பட்டங்களோடு, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் படிக்கிற மாதிரி. எல்லா வண்டிகளுக்கும் பொருத்துவதற்கு முன்னால் முன்மாதிரியாக இந்த வேனில் மட்டும் மாட்டியிருந்தார்கள். தகட்டின் கீழ்முனை நாளடைவில் இறங்கி, பக்கத்துச் சென்சாரின் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. கோடிச் சென்சாரைப் போல்ட் நசுக்கியது போதாதென்று, இந்தச் சென்சார் எந்நேரமும் தகட்டையே பார்த்துப் 'பின்னால் யாரோ இருக்கிறார்' என்று கத்திக்கொண்டிருந்தது.

பொறியாளர் மறுபடியும் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "ரொம்ப நேர்த்தியா போட்டிருக்கார்," என்றார்.

"தகட்டைக் கழட்டி ஒயரைச் சரி பண்ணிட்டா போதுமா சார்?"

"எந்தத் தகட்டை?"

"இந்தத் தகட்டைத்தான் சார்."

அவர் தகட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். வானத்தைக்கூடப் பார்த்தார். "காத்துல ஈரம் ஜாஸ்தியா இருக்கும்மா. ஈரப்பதம்தான் காரணம். கொஞ்சம் வெயில் அடிக்கட்டும்," என்று பம்பரைப் பழையபடி மாட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது அவர் முதுகு கொஞ்சம் கூனியிருந்ததை டிரைவரம்மா கவனித்தார்.

வெயில் அடித்தது. வேனும் கத்தியது.

வாரியம் ஓர் ஆலோசகரை வரவழைத்தது. அவர் மெல்லிய குரலில் பேசுகிறவர். அவரும் குனிந்தார், தகட்டின் முனையையும் பெயரையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார், நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது வேறு ஆளாக நிமிர்ந்தார். பம்பருக்குப் பின்னால் குனிகிற ஒவ்வொருவருக்கும் இது நடப்பதை டிரைவரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். தனக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை, ஒருவேளை தன் கண்ணில்தான் கோளாறோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"இந்த சென்சார் பழுதாகல," என்றார் ஆலோசகர். "வளர்ந்திருக்கு. சாதாரண சென்சார் இப்போ இருக்கிற தடையைத்தான் உணரும். இது இனிமே வரப்போற தடையையும் உணருது. இப்படி ஒரு முதிர்ச்சியை நான் வெளியில எங்கயும் பார்த்ததில்ல."

"அப்போ பின்னாடி எப்படி சார் போறது?"

ஆலோசகர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க ஏன் பின்னாடியே போகணும்னு நினைக்கிறீங்க?"

அந்தக் கேள்வி இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பின்னாலேயே போகாத நிர்வாகம் என்று ஒரு திட்டம் பிறந்தது. ஓட்டுநர்களை எல்லாம் ஒரு குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். பின்னால் போக ஆசை வரும்போது மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வண்டிக் கொட்டகையில் முன்பக்கமாக நுழையும் வேன் பின்பக்கமாகத்தானே வெளியே வரவேண்டும் என்று ஒரு கிழட்டு ஓட்டுநர் சந்தேகம் கேட்டார். அதற்காகவே கொட்டகையின் பின்சுவரை இடித்தார்கள். இடித்த வழியாக வேன் வெளியே போனால் அடுத்த தெருக்காரரின் துணி காயும் முற்றம் வந்தது. அவரிடம் பேசிக்கொண்டிருப்பதாக வாரியம் சொன்னது. ஆஸ்பத்திரிக்கும் ஒரு வேண்டுகோள் போயிற்று. சாய்தளத்தை இருக்கிற இடத்திலிருந்து எடுத்து, வேன் முன்னோக்கிப் போகிற வழியில் மாற்றி வைக்க முடியுமா, முடிந்தால் கட்டடத்தையும் சற்றுத் திருப்பலாமா என்று.

"கட்டடத்தைத் திருப்ப முடியாதாம் சார்," என்று டிரைவரம்மா சொன்னபோது கணக்கு சார் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏன் முடியாது? இவங்க மனசு வச்சா பூமியையே கொஞ்சம் தள்ளி வச்சிருவாங்க. ஒரு போல்ட்டைத்தான் திருப்ப முடியாது."

அப்போதுதான் அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்பது டிரைவரம்மாவுக்குப் புரிந்தது. தெருவில் தினமும் இறக்கிவிடப்படுகிற எல்லாருக்குமே தெரிந்திருந்தது. வேனின் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பின்பக்கம் தெரியாமல் இருக்குமா?

மழை ஆரம்பித்தது. ஒருநாள் காலை நல்ல மழை. நடைபாதையில் தண்ணீர் நின்று, எது கல், எது குழி என்று தெரியவில்லை. டிரைவரம்மா ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் நாற்காலியுமாகக் கணக்கு சாரைத் தள்ளிக்கொண்டு போனார். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. நாற்காலி மெதுவாகத்தான் சாய்ந்தது. ஆனால் பிடிக்க முடியாதபடி சாய்ந்தது. கணக்கு சார் கையை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் விழுந்தார். அது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து வைத்திருந்த கை. ரத்தம் மழைத்தண்ணீரோடு ஓடியது.

தங்கச்சி செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோனார்கள். அன்றைக்கு அவருக்கு மெஷினே போட முடியவில்லை. ராத்திரி மூச்சுத் திணறி, தீவிரச் சிகிச்சையில் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பேசினார். பேசிய முதல் வார்த்தை, "குடை எங்கே?" என்பது. அது அவர் குடை.

தங்கச்சி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அவர் தாங்க மாட்டார். நான் பயமுறுத்துறதுக்காகச் சொல்லல."

டிரைவரம்மா வேனில் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதார். தள்ளியது தன் கை என்பது அவருக்கு ஆறவேயில்லை.

விபத்து நடந்ததால் இயக்குநரே நேரில் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலிகள் போட்டார்கள், மைக் வைத்தார்கள். வேனைக் கழுவி, தகடு கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார்கள். பொறியாளர் கடைசி வரிசையில் தன் ஷூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இயக்குநர் தாராளமான உடம்பும் தாராளமான குரலும் கொண்டவர்.

"நடந்ததுக்கு நான் வருத்தப்படுறேன்," என்று ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணை மறந்துடக் கூடாது. வண்டி பின்னாடி போயிருந்தா என்ன வேணும்னாலும் நடந்திருக்கலாம். போகல. அதனால ஒரே ஒருத்தர்தான் விழுந்தார். இதைத்தான் நாங்க பாதுகாப்புன்னு சொல்றோம்."

முன்வரிசை கைதட்டியது.

ஓட்டுநர் சார்பில் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல டிரைவரம்மாவைக் கூப்பிட்டார்கள். என்ன சொல்லவேண்டும் என்று ஆலோசகர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். மைக் முன்னால் போய் நின்றதும் அதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் தண்ணீரோடு ஓடிய ரத்தம்.

"ஐயா," என்றார். "பின்னாடி ஒண்ணும் இல்லங்க ஐயா. உங்க பேர் மட்டும்தான் இருக்கு. அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் வண்டி நிக்குது."

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். பொறியாளரின் தலை முழங்காலுக்கே வந்துவிட்டது. டிரைவரம்மா தன் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தார்.

இயக்குநர் எழுந்து வந்து பம்பருக்கு முன்னால் குனிந்தார். தன் பெயரைப் படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா?" என்றார் மைக்கில். "ஒரு சாதாரண ஓட்டுநர், வெள்ளை மனசோட சொல்றாங்க. என் பேரைப் பார்த்ததும் வண்டி நிக்குதாம்! முப்பது வருஷமா நிர்வாகத்துல இருக்கேன். நான் வந்தா எழுந்திருக்காத மனுஷங்களைப் பார்த்திருக்கேன். என் கையெழுத்தைப் பார்த்தும் அசையாதவங்களைப் பார்த்திருக்கேன். மனுஷனுக்கு இல்லாத மரியாதை ஒரு மெஷினுக்கு இருக்கு. இதுக்குமேல எனக்கு என்ன வேணும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ஆனா ஒரு குறை," என்று தொடர்ந்தார். "நாலு சென்சார்ல ஒண்ணுதானே என் பேரைப் பார்க்குது? மத்ததுங்க என்ன பாவம் பண்ணுச்சு? தகட்டைப் பெருசாக்குங்க. நாலும் பார்க்கட்டும். எல்லா வண்டியிலும் போடுங்க."

டிரைவரம்மாவின் கையைக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் டிரைவரம்மாவின் வாய் லேசாகத் திறந்திருக்கும்.

பெரிய தகடு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மறுநாள் காலை நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வந்த டிரைவரம்மா, சாய்தளத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். பொத்தானைத் தொடக் கூடாது என்று விதி இருந்தது. தகட்டைத் தொடக் கூடாது என்று விதி இல்லை. அப்படியும் ஒரு பிறவி இருக்கும் என்று வாரியத்துக்குத் தோன்றியிருக்கவில்லை. நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரிக் காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொள்ள, போல்ட்டைக் கழற்றித் தகட்டை எடுத்துவிட்டார்.

ரிவர்ஸ் போட்டார். வேன் ஒரு முழம் போயிற்று. 'பீ...' என்றது. நின்றது. மறுபடி ஒரு முழம். மறுபடி 'பீ...'. நசுங்கிய ஒயர் உள்ளேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பொறியாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் கதவைப் பாதி திறந்தார்.

"தகடு கழண்டு வந்திருச்சு சார். ஒயர் மட்டும் பாக்கி. எனக்கு ஒயர் வேலை தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அன்னைக்கே தெரியும்."

கடைசிச் சொற்களை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பொறியாளருக்கு அவை போய்த் தைத்தன. பிறகு, "நாளைக்கு லீவு நாள். வண்டி எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

மறுநாள் அடையாள அட்டை இல்லாமல், வீட்டில் போடுகிற சட்டையோடு வந்தார். பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்து, புது ஒயரை முறுக்கி, பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி மேலே உறை போட்டுச் சூடுகாட்டி இறுக்கினார். ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்தார். ஒவ்வொரு சென்சாரிலும் காதை வைத்தார். நான்கும் டிக் டிக் என்று அடித்தன. நான்காவதில் மட்டும் தேவைக்குமேல் நேரம் காதை வைத்திருந்தார்.

"அம்மா, நான் இங்க வரல. நீங்க என்னைப் பார்க்கல."

"சரி சார்."

"கணக்கு சார் எப்படி இருக்கார்?"

"உங்களைப் பார்க்கலேன்னா நான் எப்படி சார் பதில் சொல்றது?"

பொறியாளர் சிரித்தார். அந்த வண்டியின் பக்கத்தில் அவர் சிரித்து டிரைவரம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை.

தகட்டை ஒளித்துவைக்க டிரைவரம்மாவுக்கு மனம் வரவில்லை. வாரியத்துக்கே கொண்டுபோய்ப் புகார்ப் பிரிவின் மேசைமேல் வைத்தார். வருகிறது வரட்டும் என்றிருந்தார். எழுத்தர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார்.

"தகடு கழண்டுடுச்சு சார்."

"கழலாது."

"நானேதான் கழட்டினேன்."

"நீங்க கழட்ட முடியாது. ஓட்டுநருக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் இல்லாதவங்க செஞ்சது நடந்ததாவே ஆகாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் யோசிங்கம்மா. கழண்டுச்சுன்னு சொன்னா வண்டி இப்போ பின்னாடி போகுதான்னு கேப்பாங்க. போகுதுன்னு சொன்னா இத்தனை நாள் ஏன் போகலைன்னு கேப்பாங்க. அப்புறம் ஆலோசகர் என்ன ஆகுறது? இடிச்ச சுவர் என்ன ஆகுறது? ஐயா அழுதது என்ன ஆகுறது? தகடு வண்டியில பத்திரமா இருக்கு."

"அப்போ இது என்ன சார்?"

"எது?"

டிரைவரம்மா துணியோடு தகட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். துணி துவைக்கிற மெஷின் ஓடும்போது ஆடிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு காலுக்கு அடியில் தகட்டைக் கொடுத்தார். ஆட்டம் நின்றது. பெரிய தகடுகள் பற்றிப் பிறகு பேச்சே இல்லை. சின்னத் தகடு இருக்கிறதா என்று யாராவது பார்க்கவேண்டி வரும் என்று ஒவ்வொரு பிரிவும் அந்த வேலையை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிட்டது.

வேன் பின்னால் போக ஆரம்பித்தது. பின்னால் போகாத வண்டி என்று வாரியம் சொல்லிக்கொண்டிருந்த அதே வேன், தினமும் காலையில் 'பீப்... பீப்...' என்று பணிவாகப் பேசிக்கொண்டு சாய்தளத்தோடு போய் ஒட்டி நின்றது. கணக்கு சாருக்கு இன்னொரு கையில் அறுவை செய்தார்கள். அவர் மறுபடி மெஷினுக்கு வர ஆரம்பித்தார். உடம்பு இளைத்திருந்தது. பேச்சு இளைக்கவில்லை.

ஒருநாள் காலை வேன் சாய்தளத்துக்கு எதிரே நின்றபோது, வாரியத்தின் சீருடையில் ஒருவர் ஓடி வந்தார். கையில் பாலிஷ் டப்பா, மஞ்சள் துணி. தகடுகளைத் துடைக்கும் பணிக்குப் புதிதாக நியமித்த ஆளாம்.

"தகட்டைத் துடைக்கணும்மா. எங்க இருக்கு?"

"பின்னாடி," என்றார் டிரைவரம்மா.

அவர் பின்னால் போனார். வெறும் பம்பரையும் ரப்பர் மூடி போட்ட ஓட்டையையும் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. புது வேலை. வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார். டப்பாவைத் திறந்து துணியில் பாலிஷைத் தொட்டு, தகடு இருந்திருக்கவேண்டிய இடத்தில், பம்பரில் படாமல், காற்றை வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தார். பெயர் இருந்திருக்கும் இடத்தில் கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

"பளபளன்னு இருக்கு," என்றார். எழுந்திருக்கவில்லை, ஓரங்களையும் துடைக்கவேண்டும் என்று இன்னும் நெருங்கிக் குனிந்தார்.

உள்ளேயிருந்து கணக்கு சார், "டிரைவரம்மா, மெஷின் காத்துக்கிட்டு இருக்கு," என்றார்.

துடைத்து முடித்துப் போயிருப்பார் என்று நினைத்து டிரைவரம்மா ரிவர்ஸ் கியரைப் போட்டார். 'பீ...' என்று ஒரே மூச்சாக இழுத்து, வேன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. கணக்கு சார் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"மறுபடியுமா? பின்னாடி என்னம்மா?"

டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்தார். மஞ்சள் துணி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை நெஜமாவே ஆள் இருக்கு சார். வாரியத்து ஆளு."

"அப்பாடா," என்று கணக்கு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சென்சார் சரியாத்தான் இருக்கு."